35 சதவீத மானியம் கைக்கு எப்போது வரும்? கடன் திட்டத்தை எடைபோடும் முறை

தையல் யூனிட் போட்டு நாலு வருடமாகிறது. "அக்கா, எந்தக் கடன் திட்டத்துல விண்ணப்பம் போட்டா மானியம் ஜாஸ்தி?" என்று இன்றைக்கும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆதார், பேன், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகக் கணக்குக்கு வருகிறேன். எக்செல் வேண்டாம், ஒரு நோட்டு போதும்.

படி 1: புதுத் தொழிலா, ஏற்கெனவே ஓடுவதா? பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பிஎம்இஜிபியில் முதல் கடன், புதிதாகத் தொடங்குபவர்களுக்குத்தான். ஓடுகிற தொழிலுக்கு முத்ரா என்கிற மத்திய அரசின் சிறுதொழில் கடன். அதில் மானியம் கிடையாது.

படி 2: யூனிட் எங்கே? பிஎம்இஜிபியில் பெண்களுக்கு ஊராட்சிப் பகுதியில் 35 சதவீதம், நகரத்தில் 25. வீடு இருக்கும் இடம் கணக்கில் வராது, தொழில் நடக்கும் இடம்தான். நகரத்துக்காரர்கள் தமிழக அரசின் யூஒய்இஜிபியையும், அதாவது வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டத்தையும் பாருங்கள். அதிலும் 25 சதவீதம்தான், ஆனால் வாங்கி விற்கும் கடைக்கும் கிடைக்கும்.

படி 3: நான் சறுக்கிய இடம். ஊராட்சியில் பிஎம்இஜிபியில் போடுகிற தொழிலின் மொத்தச் செலவு 10 லட்ச ரூபாய் என்று வையுங்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம், 50,000. மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன். மானியம் 3.5 லட்சம். இந்த 3.5 லட்சம் கைக்கு வரும், மெஷின் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். வராது! வங்கியிலேயே உங்கள் பெயரில் வைப்பாக மூன்று வருடம் கிடக்கும். யூனிட் ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடிவிட்டால் மானியம் போச்சு.

வைப்புக்கு வட்டி தரமாட்டார்கள். பதிலுக்கு, கடனில் அந்த 3.5 லட்சத்துக்கு உங்களிடமும் வட்டி வாங்கக்கூடாது. எங்கள் கிளையில் முழுத் தொகைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வட்டி 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு 38,500 ரூபாய். இரண்டு மெஷின் காசு! எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப வாங்கினேன்.

ஆகவே நோட்டில் முதல் பக்கத்தில் மானியமே இல்லை என்று வைத்து மாதத் தவணையைப் போடுங்கள். வாடகை, கரண்ட், கூலி போக அதைக் கட்ட முடிகிறதா? ஆடி மாதம் ஆர்டர் படுத்துக்கொள்ளும், அந்த மாதக் கணக்கையே எடுங்கள். முடியாது என்றால் தொகையைக் குறையுங்கள். 6 லட்சத்தில் நானே தொடங்கியிருக்கலாம்.

படி 4: திட்ட அறிக்கை, அதாவது தொழிலின் செலவு, வருமானக் கணக்கை எழுதி வங்கிக்குக் கொடுப்பது. ஏஜென்டிடம் காசு கொடுக்காதீர்கள். பிஎம்இஜிபியை நடத்தும் காதி ஆணையத்தின் இணையதளத்தில் மாதிரி அறிக்கைகள் இருக்கின்றன, விண்ணப்பமும் இலவசம். மாதிரியில் உள்ள மெஷின் விலையை அப்படியே எழுதாமல் கடையில் கொட்டேஷன் வாங்கிப் போடுங்கள். வங்கி மேலாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தங்கைக்கு விண்ணப்பம் திரும்பிவிட்டது. கணவர் ஏற்கெனவே பிஎம்இஜிபியில் வாங்கியிருக்கிறார். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். வீட்டில் கேட்டுவிட்டுப் படி 1-க்கு வாருங்கள்.