திருமணத்திற்கு முன்பே வாங்கிய வீடு: மணமுறிவின்போது துணைவரின் உரிமையைக் கணக்கிடும் முறை

பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கிறது என்பதை வைத்து, வீடு முழுவதும் அவருக்கே என்றோ, மற்றவருக்கு எதுவும் கிடைக்காது என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. திருமணத்திற்கு முன் வாங்கிய வீடு பல நாடுகளில் தனிச்சொத்தாகவே தொடங்கினாலும், பின்னர் அந்த வீட்டுக்குள் யாருடைய பணம் எவ்வளவு போனது என்பதே பெரும்பாலும் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது.

எந்த இடத்துச் சட்டம் பொருந்தும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கனடாவின் ஒண்டாரியோவில், தனிச்சொத்துக்குத் திருமண நாளில் இருந்த மதிப்பைப் பங்கிடும் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை, பிரியும் நாளிலும் குடும்ப இல்லமாக இருக்கும் அதே வீட்டுக்குக் கிடையாது. இந்தியாவில் திருமணத்தால் மட்டும் துணைவரின் வீட்டில் பங்கு வந்துவிடாது. ஆயினும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும், பகிர்ந்து வாழும் இல்லத்தில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. குடியிருக்கும் உரிமை வேறு, சொத்தில் பங்கு வேறு. வழக்குகளில் மிகுதியாகக் குழப்பிக்கொள்ளப்படுவது இதுதான். மேலும், ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கும்போது அந்த வீட்டின் மதிப்பையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம்.

அடுத்து, கணக்கு. கலிஃபோர்னியாவில் பின்பற்றப்படும் முறை எளிதில் விளங்கும். வீட்டின் கொள்முதல் விலை 100 பங்கு என்க. திருமணத்திற்குப் பின் சம்பாத்தியத்திலிருந்து கடனின் அசலில் 30 பங்கு அடைக்கப்பட்டுள்ளது. வீட்டின் மதிப்போ திருமண நாளில் 120 ஆக இருந்து இப்போது 170 ஆகியிருக்கிறது. அடைத்த 30, உயர்ந்த 50இல் 30 விழுக்காடான 15, ஆக 45 தம்பதியர் இருவருக்கும் பொதுவான சொத்தாகி, அதில் பாதியான 22.5 துணைவருக்குச் சேரும். வட்டி, வரி, காப்பீடு ஆகியவற்றுக்குக் கட்டிய தொகை இதில் சேராது என்பது பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

ஆகவே, திருமண நாளில் நிலுவையிலிருந்த கடனைக் காட்டும் வங்கிச் சான்று, தவணை எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதற்கான அறிக்கைகள், சீரமைப்புச் செலவின் ரசீதுகள், திருமண நாளிலும் இப்போதும் வீட்டின் மதிப்பைக் காட்டும் மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். பழைய அறிக்கைகளைக் காலம் கடந்தால் வங்கிகள் தராமல் போகலாம் என்பதால், இவற்றையே முதலில் கேட்டு வாங்க வேண்டும். இடையில் துணைவரின் பெயரைப் பத்திரத்தில் சேர்த்திருந்தால், அதை அன்பளிப்பாகக் கொள்ளும் சட்டங்கள் உண்டு. அப்போது மேற்கண்ட கணக்கே மாறிவிடும். திருமண ஒப்பந்தம் இருந்தால், அதையும் வழக்கறிஞரிடம் தவறாமல் காட்டுங்கள்.

வழக்கு முடியும்வரை உரிமையாளர் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடும் எனத் தோன்றினால், இடைக்காலத் தடை உத்தரவு கேட்டு விண்ணப்பிக்கலாம். கடன் இருவர் பெயரிலும் இருக்குமானால், வீடு ஒருவருக்கே என்று தீர்ப்பு வந்த பிறகும் வங்கி மற்றவரிடம் தவணை கேட்கும். எனவே வீட்டை வைத்துக்கொள்பவர் தம் பெயரில் மட்டும் புதிய கடன் பெற்றுப் பழையதை அடைக்க வேண்டிய கடைசி நாளையும் உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.