தோல் வியாபாரிக்கு விசா எடுக்கும் வழி

பேரணாம்பட்டில் தோல் வியாபாரம் செய்கிறேன். முதல்முறை வெளிநாடு கிளம்பும் தம்பிகள் என்னிடம் கேட்பது விசாவைப் பற்றித்தான்.

ஹாங்காங் சுலபம். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். ஆனால் கிளம்பும் முன்பே இணையத்தில் நம் வருகையைப் பதிவு செய்வது கட்டாயம். கட்டணம் இல்லை. அந்தப் பதிவு ஆறு மாதம் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம்.

இத்தாலியின் மிலான் நகரில் தோல் கண்காட்சி என்றால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. அங்கேதான் கவனம் வேண்டும். பல நாடு சுற்றினாலும், அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பியுங்கள். ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். மூன்று வாரம் போதும் என்று நினைத்து நான் ஒருமுறை தாமதித்தேன். கண்காட்சி முடிந்த மறுநாள்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஒரு சீசன் ஆர்டரே போயிற்று, இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வாங்குபவரின் அழைப்புக் கடிதத்தில் தேதி, வேலை, செலவு யாருடையது என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும்.

அப்புறம், இத்தாலிக்காரர் நம் தொழிற்சாலைக்கு வரும்போது சுற்றுலா விசாவில் வரச் சொல்லாதீர்கள். இணையத்திலேயே எடுக்கும் வணிக இ-விசா இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் அதிலேயே இறங்கலாம். நம் லெட்டர்பேடில் அழைப்பு எழுதி முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.