செல்பேசிக் கோபுரம் இல்லாத ஊரில் செயற்கைக்கோள் தொலைபேசி: எதை எடுப்பது, எப்படிப் பேசுவது

நீங்கள் போகும் இடம் செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனத்தின் கவரேஜ் வரைபடத்தில் வண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்பதற்காக அங்கே நின்று பேசிவிட முடியும் என்று எண்ண வேண்டாம். அந்த வரைபடம் தடையற்ற வெட்டவெளியை மனத்தில் வைத்து வரையப்பட்டது. குறுக்கே நிற்கும் மலையும் அடர்ந்த மரங்களும் அதில் இல்லை. ஆகவே கருவியின் விலையைக் கேட்பதற்கு முன்னால், அதன் செயற்கைக்கோள்கள் வானில் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள்.

இன்மார்சாட், துராயா ஆகிய செயற்கைக்கோள் தொலைபேசி சேவைகளின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணோட்டத்தில் அசையாமல் நிற்பவை. 34 பாகை வடக்கிலுள்ள லடாக்கிலிருந்து பார்த்தால், அதே தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோள் தெற்கு வானில் சுமார் 50 பாகை உயரத்தில் இருக்கும். 78 பாகை வடக்கிலுள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளிலோ அது அடிவானத்துக்கு மேல் 3 பாகைதான். ஒரு சிறு குன்றே அதை மறைத்துவிடும். இதை அளக்க எளிய வழி உண்டு. கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானில் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து எதிரே உள்ள மலைமுகடு வரை ஒரு முஷ்டிமேல் இன்னொன்றாக எண்ணிப் பாருங்கள். நான்கு முஷ்டி உயர மலை தெற்கே நின்றால், 30 பாகையில் இருக்கும் செயற்கைக்கோள் உங்களுக்கு இல்லை.

இரிடியம் என்ற இன்னொரு சேவை வேறு வகையானது. அதன் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களின் அருகே கடந்து சுற்றிக்கொண்டே இருப்பதால், துருவங்கள் உட்பட உலகெங்கும் அதற்குக் கவரேஜ் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் தலைக்கு மேல் கடந்துவிடும். குறுகிய பள்ளத்தாக்கில் பேச்சு திடீரென்று அறுந்தால் கருவி பழுதென்று பதற வேண்டாம். சில நிமிடம் பொறுத்து மீண்டும் அழையுங்கள். துராயா அமெரிக்கக் கண்டங்களில் இயங்காது. வடதுருவப் பகுதிக்கும் ஆழமான மலைப்பள்ளங்களுக்கும் நான் தயங்காமல் இரிடியத்தையே பரிந்துரைப்பேன்.

இந்தியாவிலிருந்து புறப்படுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: இங்கே தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியை வைத்திருப்பதே குற்றம். துராயா, இரிடியம் கருவிகளோடு விமான நிலையங்களில் பிடிபட்டுக் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. இரிடியம் வழியே குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் சிறு கருவிகளும் இதில் அடங்கும். லடாக்கில் தேவைப்பட்டால் முறையான அனுமதியோடு, பிஎஸ்என்எல் வழங்கும் இன்மார்சாட் சேவையை நாட வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு, அந்த நாட்டின் விதியைச் சரிபார்த்துக்கொண்டு, போய் இறங்கும் ஊரிலேயே வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது.

கருவி கைக்கு வந்ததும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு சோதனை அழைப்பு செய்யுங்கள். கூரைக்குக் கீழே நிற்காமல் வெளியே வந்து, ஆண்டெனாவை முழுவதும் இழுத்து, இரிடியம் என்றால் வானை நோக்கி நேராகவும், இன்மார்சாட் என்றால் செயற்கைக்கோள் இருக்கும் திசையை நோக்கியும் பிடிக்க வேண்டும். இன்மார்சாட்டில் நம் குரல் மறுமுனையை அடையக் கால் நொடிக்கு மேல் ஆவதால், ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் 8816 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அது இரிடியம் எண். அவர்கள் உங்களை அழைத்தால் கட்டணம் மிக அதிகமாகும், எனவே மாலையில் ஒரு நேரம் குறித்து நீங்களே அழையுங்கள். ஆபத்து நேரத்தில் முதல் வாக்கியமே உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையாக இருக்கட்டும், என்ன நடந்தது என்பதை அடுத்துச் சொல்லலாம். இணைப்பு பாதியில் அறுந்தாலும் தேடி வருபவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும். குளிர்ப் பிரதேசத்தில் மின்கலம் விரைவில் தளரும் என்பதால், கருவியைப் பையில் போடாமல் மேலங்கிக்குள் உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அழைக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள்.