பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் மாத்தும்போது பண்ணக்கூடாத வேலைகள்

கேபிள் சரியா மாட்டலை, ஸ்க்ரூ டைட் பண்ணலை மாதிரி விஷயத்தை எல்லாம் விட்டுடறேன், அது நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. டேட்டாவுக்கே உலை வைக்கிறதை மட்டும் சொல்றேன்.

காப்பி எடுக்காம செக்டிஸ்க் ஓட விடுறது

புதுசா கத்துக்கிற எல்லாரும் இதைத்தான் பண்றாங்க, எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்ற ஒரே விஷயம் இதுதான். டிஸ்க் ஸ்லோவாகுது, விண்டோஸே எரர் இருக்கு ஸ்கேன் பண்ணுன்னு சொல்லுது, உடனே செக்டிஸ்க்கை (chkdsk, டிஸ்க்ல எரர் தேடி சரி பண்ற விண்டோஸ் கமாண்ட்) ஸ்லாஷ் ஆர் (/r, கெட்ட இடத்தையும் தேடச் சொல்றது) போட்டு தட்டிவிட்டுட்டு தூங்கப் போயிடறாங்க. அது டிஸ்க் முழுக்க ஒவ்வொரு செக்டரா (டேட்டா எழுதி வைக்கிற சின்னத் துண்டு) படிக்கும், படிக்க முடியாத இடத்துல டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிட்டு நிக்கும், காய்ச்சல்ல படுத்திருக்கிறவனை மலை ஏறச் சொல்ற கதைதான். போதாததுக்கு ரிப்பேர்னு சொல்லி சாகப்போற அதே டிஸ்க்லயே எழுதவும் செய்யும். செக்டிஸ்க்குக்கு ஃபைல் சிஸ்டம் கணக்கு, அதாவது எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற கணக்கு, நேரா இருந்தா போதும், உங்க ஃபைல் இருந்தா என்ன போனா என்ன.

ஃப்ரெண்ட் ஒருத்தருக்கு காலையில எழுந்து பாத்தா போட்டோ ஃபோல்டரே இல்ல, ஃபவுண்ட்.000னு ஒரு ஃபோல்டர், உள்ள செக்டிஸ்க் மீட்டுப் போட்ட சிஎச்கே (.chk) துண்டு ஃபைலா கொட்டிக் கிடக்கு, எது என்ன போட்டோன்னு பேரே கிடையாது. முந்தின நாள் வரைக்கும் மெதுவாவாவது எல்லாம் திறந்துச்சு, அதான் வயித்தெரிச்சல்.

ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலைமையைப் பத்தி தானே வச்சிருக்கிற குறிப்பு) ரீஅலொகேட்டட் (கெட்டுப்போய் வேற இடத்துக்கு மாத்தின), பெண்டிங் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கிற) செக்டர் எண்ணிக்கை ஏறிட்டே போச்சுன்னா ரிப்பேர் எண்ணத்தையே விட்டுருங்க. ஃபைல் இன்னும் திறக்குதுன்னா முக்கியமானதை முதல்ல வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. அங்கங்க ஹேங் ஆகுதுன்னா விண்டோஸ்ல நோண்டாம, லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூ (ddrescue, கெட்டுப்போற டிஸ்க்கை காப்பி எடுக்கிற ப்ரோக்ராம்) போடுங்க, அது ஈசியா படிக்க முடிஞ்சதை முதல்ல அள்ளிட்டு கெட்ட இடத்துக்கு கடைசியாதான் வரும், மேப் ஃபைல் (எதுவரை படிச்சதுன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்) கொடுத்திருந்தா நடுவுல நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். செக்டிஸ்க் போட்டே ஆகணும்னா அந்த காப்பி மேல போட்டுக்கோங்க.

டக் டக்னு சத்தம் வருதா? பவரை ஆஃப் பண்ணுங்க. டேட்டா முக்கியம்னா ரெக்கவரி ஆளுங்ககிட்டதான் போகணும்.

ஃப்ரீசர்ல வைக்கிறது

கெட்ட டிஸ்க்கை ஃப்ரீசர்ல வச்சா கொஞ்ச நேரம் உயிர் வரும்னு சொல்ற பழைய வைத்தியம். வேணாம்.

சோர்ஸ், டெஸ்டினேஷன் மாத்திப் போடுறது

குளோன் பண்ணும்போது, அதாவது ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொண்ணுல நகல் எடுக்கும்போது, ரெண்டும் ஒரே சைஸ்னா குழப்பம் வரத்தான் செய்யும். சீரியல் நம்பர் பாத்துட்டு ஸ்டார்ட் குடுங்க, காலி டிஸ்க்கை எடுத்து டேட்டா மேல குளோன் பண்ணிட்டா அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.

பெரிய டிஸ்க்கா வாங்குறது

பழைய பயாஸ் (கம்ப்யூட்டரை ஸ்டார்ட் பண்ற, போர்டுல இருக்கிற மென்பொருள்), எம்பிஆர் (டிஸ்க்கைப் பகுதி பிரிக்கிற பழைய முறை) இருந்தா சுமார் 2.2 டிபிக்கு மேல இருக்கிற இடம் வீண். அதுக்குப் பதிலா சின்ன சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா கேபிள்ல மாட்டுற, சுத்துற தட்டு இல்லாத டிஸ்க்) வாங்குங்க, போர்டு பழைய, மெதுவான சாட்டா 2 ஆவே இருந்தாலும் வித்தியாசம் நல்லாத் தெரியும். உள்ள இருக்கிறது சாட்டாவுக்கு முந்தின அகலமான ஐடிஇ கேபிளா, மெல்லிசான சாட்டாவான்னு திறந்து பாத்துட்டு ஆர்டர் போடுங்க.

குளோன் பண்ணிட்டு பயாஸ்ல கை வைக்கிறது

எஸ்எஸ்டி போட்டாச்சேன்னு ஐடிஇ மோடை (போர்டு டிஸ்க்கோட பேசுற பழைய முறை) ஏஹெச்சிஐக்கு (புது முறை) மாத்துவாங்க, பழைய விண்டோஸ் 0x7பி (பூட் டிஸ்க்கை அணுக முடியலைங்கிற எரர்) ப்ளூ ஸ்க்ரீன்ல நிக்கும், உடனே புது டிஸ்க் மேல பழி. விண்டோஸ்ல ஏஹெச்சிஐ டிரைவரை முதல்ல எனேபிள் பண்ணிட்டு மாத்துங்க, இல்லன்னா இருக்கிறபடியே விடுங்க.

பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மேட் அடிக்கிறது

முதல் பூட்டுக்கு அதைக் கழட்டிடுங்க, ரெண்டும் ஒரே சிக்னேச்சரோட (டிஸ்க்கோட அடையாள நம்பர்) இருந்தா விண்டோஸ் குழம்பும். கழட்டினதை பேர் எழுதி அப்படியே தனியா வைங்க, புதுசுல எல்லா ஃபைலும் திறக்குதான்னு பாத்த பிறகு அழிச்சுக்கலாம்.