கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கொடுத்தாச்சு, இனி அவர் பாடு" என்று இருந்துவிடுவதுதான் புதிதாக ஏற்றுமதி இறக்குமதியில் இறங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. இந்தியாவில் கடல் வணிகம் ஒரே அலுவலகத்தின் கையில் இல்லை. ஏற்றுமதி இறக்குமதி செய்ய வேண்டிய அடையாள எண்ணான ஐ.இ.சி.யைத் தருவது வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.; சரக்கைச் சோதித்து வரி போடுவது சுங்கத் துறை; கப்பலுக்கும் மாலுமிகளுக்கும் விதி வகுப்பது மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகம். புரோக்கர் எல்லா இடத்துக்கும் ஓடுவார். ஆனால் தாளில் இருப்பது உங்கள் பெயர்.

ஐ.இ.சி. விவரங்களில் எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கும்.

"கப்பல் வரட்டும், பார்க்கலாம்" என்று, இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத் துறையிடம் தரும் பில் ஆஃப் என்ட்ரி படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதே பொது விதி; அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வரும் சரக்குக்கு மட்டும் சலுகை உண்டு. தாமதத்துக்கு நாள் கணக்கில் கட்டணம் ஏறும்.

கண்டெய்னர் எடையைக் குத்துமதிப்பாக எழுதுவது இன்னும் மோசம். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. தப்பான எடையால் கப்பலில் அடுக்கு சரிந்தால் போவது அங்கே வேலை செய்பவரின் உயிர்.

அப்புறம், சரக்கைக் கையில் வாங்கும் நேரம். கதவைத் திறக்கிறீர்கள், அடி வரிசை மூட்டைகள் நனைந்திருக்கின்றன. லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். ரசீதில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டால், சரக்கு நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். கண்ணுக்குத் தெரியும் சேதத்தை அங்கேயே எழுதுங்கள், படம் எடுங்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரைக் கூப்பிடுங்கள். உள்ளே மறைந்திருக்கும் சேதம் என்றால் 3 நாளுக்குள் ஷிப்பிங் லைனுக்கு, அதாவது கப்பல் கம்பெனிக்கு, எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்குப் போட ஓராண்டுதான் கெடு. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்தபோதும் இந்தக் கெடுக்கள் மாறவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடப்பதால் அந்த ஓராண்டு நின்றுவிடாது. பேச்சுவார்த்தை இழுத்தால், கெடு முடியுமுன்பே ஷிப்பிங் லைனிடம் கால நீட்டிப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.