செத்த எலியை விளையில் வீசாதீர்கள்: ஈரல் புழுவைத் தடுக்கும் முறை

குமரி மாவட்டத்தில் மரச்சீனி (மரவள்ளி) போட்ட விளை (தோட்டம்) என்றால் எலி இல்லாமல் இருக்காது. பொறியில் விழுந்ததை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுப் போகிறோம். அந்தப் பழக்கத்தை விட வேண்டும். காரணம், கேப்பிலேரியா ஹெபாட்டிகா என்ற மெல்லிய உருளைப்புழு. எலியின் ஈரல்தான் இதன் வீடு. மற்ற பாலூட்டிகளுக்கும், அபூர்வமாக மனிதருக்கும் தொற்றும். மனிதரில் முதன்முதலாக 1924இல், இந்தியாவில் இருந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயிடம் கண்டறிந்தார்கள்.

இந்தப் புழு ஈரலுக்குள்ளேயே முட்டையிடும். எலி உயிரோடு இருக்கும்வரை அந்த முட்டைக்கு வெளியே வர வழியில்லை. எலி செத்து அழுக வேண்டும், இல்லையென்றால் நாயோ பூனையோ அதைத் தின்று எச்சத்தோடு கழிக்க வேண்டும். மண்ணுக்கு வந்தபின் ஈரமும் காற்றும் கிடைத்தால் சில வாரங்களில் முட்டைக்குள் லார்வா (இளம்புழு) வளரும். அந்த முட்டை வாய்வழியே உள்ளே போனால் தொற்றுவது அதற்குப் பிறகுதான். இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

படி 1: எலியை வெறும் கையால் தொடாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் இது பொருந்தும்.

படி 2: கிணற்றுக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளி, 2 அடி ஆழமாவது குழி தோண்டிப் புதையுங்கள். நாய் கிளறாதபடி மேலே கல்லை வையுங்கள். அன்றைக்கே செய்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளினால் பூனை முந்திக்கொள்ளும்.

படி 3: சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

படி 4: மண்ணில் விளையாடிய குழந்தையைக் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். மண்ணை வாயில் வைக்கும் வயதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். கீரை, பச்சைக் காய்களை ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.

படி 5: விடாத காய்ச்சலோடு ஈரலும் வீங்கியிருந்தால் வீட்டில் எலி உண்டு, குழந்தை மண் தின்னும் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களும் கூடியிருக்கும். மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள்: முட்டை ஈரலில் இருக்கிறது, மலத்தில் வராது. அப்படியே மலத்தில் தெரிந்தாலும், தொற்றிய விலங்கின் ஈரலைத் தின்றதால் முட்டை குடல் வழியே கடந்து போவதாக இருக்கலாம். ஈரல் திசுவை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.