காசு கட்டுவதற்கு முன்: போலிப் பட்டத்தை நீங்களே கண்டுபிடிக்கும் வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஹார்வர்ட் என்றால் அது தோட்டம். அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் வேறு, நம் தோட்டம் வேறு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கைப்பேசியில் ஒரு பெரிய பெயரைப் பார்த்ததும் நாம் தடுமாறிப் போகிறோம். போலிப் பட்டம் விற்பவர்களுக்கு அந்தத் தடுமாற்றம்தான் முதலீடு.

எங்கள் லயத்தில் வளர்ந்த ஒரு தம்பி, சுங்கைப்பட்டாணி தொழிற்சாலையில் ஆறு வருடம் உழைத்தவன். “உங்கள் அனுபவமே போதும், மூன்று வாரத்தில் இளங்கலைப் பட்டம்” என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்ததை நம்பினான். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது; 4,500 வெள்ளி (ரிங்கிட்) கட்டினான். பொன் முத்திரை பதித்த சான்றிதழ் கூரியரில் வந்தது. பதவி உயர்வுக்குக் கொடுத்தபோது, அலுவலகத்தில் ஐந்தே நிமிடத்தில் சரிபார்த்துத் திருப்பிவிட்டார்கள். அந்த ஐந்து நிமிட வேலையை யாராவது முன்பே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. ஆக 4,800 மணி நேரம். மூன்று வாரம் கண் மூடாமல் படித்தாலும் 504 மணி நேரம்தான் கிடைக்கும். கணக்கு இங்கேயே உதைக்கிறது.

படி 2: அவர்கள் அனுப்பும் லிங்கைத் தொடாதீர்கள்

பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். “அங்கீகாரம் இருக்கிறதா?” என்று கேட்டால், உடனே ஒரு லிங்க் அனுப்புவார்கள். அதில் அனைத்துலக அங்கீகாரக் கழகம் என்று ஏதோ ஒன்று, கொடிகளும் முத்திரைகளுமாக இருக்கும். பெரும்பாலும் அந்தக் கழகத்தை நடத்துவதும் பட்டத்தை விற்பவர்களேதான்!

இந்த நாட்டில் உயர்கல்விப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தருவது மலேசியத் தகுதி முகமை. எம்கியூஏ என்பார்கள், 2007-இல் அமைந்தது. அதன் இணையதளத்தை நீங்களே தேடித் திறங்கள். முகவரி ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். உள்ளே எம்கியூஆர் என்ற, அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேடு இருக்கும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.

படி 3: கல்லூரியை மட்டும் தேடினால் போதாது

அங்கீகாரம் படிப்புக்குப் படிப்பு தனித்தனியாகத் தரப்படுகிறது. நல்ல கல்லூரியிலேயே ஒரு படிப்புக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. படிப்பின் முழுப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். குறிப்பு எண்ணில் எஃப்ஏ என்றால் முழு அங்கீகாரம், பிஏ என்றால் தற்காலிக அங்கீகாரம். கல்லூரியின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், முகவரியையும் பாருங்கள்.

படி 4: வெளிநாட்டுப் பெயர் சொன்னால்

இந்தியா என்றால் அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்துக்குப் போங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே அது வெளியிடுகிறது. பிரிட்டனில் பட்டம் வழங்கும் உரிமை பெற்றவை எவை என்பதை அந்நாட்டு அரசின் தளமே சொல்லும்.

அமெரிக்கா என்றதும் மயங்க வேண்டாம். 2004-இல் பென்சில்வேனியா மாநில அதிகாரிகள் கோல்பி நோலன் என்ற பெயரில் விண்ணப்பித்து ஒரு எம்பிஏ பட்டம் வாங்கினார்கள். கோல்பி நோலன் ஒரு பூனை. அந்தப் பட்டத்தை விற்றவர்கள் மீது வழக்குப் போட்டார்கள்.

படி 5: வங்கிக் கணக்கைப் பாருங்கள்

கட்டணத்தைத் தனிநபர் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டால், அதன் மீது புகார் இருந்தால் காட்டும். அங்கே ஒன்றும் வரவில்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது.

ஏற்கெனவே கட்டியிருந்தால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காசு போனது இப்போதுதான் என்றால் உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், பிறகு போலீஸ் புகார் கொடுங்கள். “சான்றிதழை உறுதிப்படுத்த இன்னும் கொஞ்சம் கட்டுங்கள்” என்று மறுபடி அழைப்பார்கள், கட்டாதீர்கள். பாகிஸ்தானின் கராச்சியிலிருந்து போலிப் பட்டம் விற்ற ஆக்ஸாக்ட் நிறுவனத்தை 2015-இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியபோது இதுவும் வெளிவந்தது. அரசு அதிகாரி போலப் பேசி, பட்டம் வாங்கியவர்களையே மிரட்டிப் பணம் பறித்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய போலிச் சான்றிதழை எந்த வேலைக்கும் கொடுக்காதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தும் உண்மையானதாகக் காட்டுவது தண்டனைச் சட்டத்தின் 471-ஆவது பிரிவில் குற்றம்.

அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. முறையான வழிகளில் ஒன்று ஏபெல் ஏ, அதாவது வேலை அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டுப் படிப்பில் சேர்க்கும் முறை. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) சரியாக வராதவர்கள்கூட, 21 வயதுக்கு மேல் இருந்து, தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால், மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தேறினால் கிடைப்பது பட்டப்படிப்பில் சேரும் தகுதி. இந்த வழியில் பட்டத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பினாங்கு வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

அந்தத் தம்பியும் நானும் போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அவனுடைய ஏபெல் கோப்பைத் தயார் செய்தோம். ஆறு வருடச் சம்பளச் சீட்டுகள், வேலை உறுதிக் கடிதம், தொழிற்சாலையில் எடுத்த மூன்று பயிற்சிச் சான்றிதழ்கள். பொன் முத்திரை போட்டது வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது. போலீஸ் புகாருக்கு வேண்டும் என்று எடுத்து வைக்கச் சொன்னேன்.